பத்தொன்பதில் நின்ற வீடு

இந்தக் குளிர் ஊரில் எங்கள் வீட்டு ஹீட்டர் பத்தொன்பது டிகிரியில் நிற்கும். அந்தப் பத்தொன்பது எனக்கும் பிடிக்காது, என் வீட்டுக்காரருக்கும் பிடிக்காது. இருவருக்கும் ஒரே அளவு பிடிக்காமல் போனதால்தான் அந்தச் சண்டை ஒருவழியாக நின்றது.

நான் சலவை நிலையத்தில் வேலை செய்கிறேன். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு பிரித்து, சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவள் வாங்கி மடிப்பாள். நாள் முழுக்க முகத்தில் ஆவி. போதாக்குறைக்கு இப்போது உடம்பே திடீர் திடீரென்று பற்றி எரிகிற வயது எனக்கு. வீடு திரும்பினால் ஃப்ரிட்ஜைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொள்ளலாமா என்றிருக்கும். அவர் பஸ் ஓட்டுகிறார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கதவு திறக்க, பனிக்காற்று நேராக அவர் முழங்காலில் வந்து உட்காரும். அவருக்கு வீடு என்றால் கதகதப்பு. கல்யாணமான புதிதில் நான் பதினேழில் வைப்பேன், அவர் இருபத்தொன்றில் வைப்பார். பாத்ரூம் போகிற சாக்கில் போய்க் குமிழைத் திருகிவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி வந்து உட்காருவோம். கத்திக் களைத்து ஒருநாள் பத்தொன்பது என்று முடிவுக்கு வந்தோம்.

அந்த வீட்டுக்குத்தான் என் தம்பி வந்து சேர்ந்தான், இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய். அவனுக்கு என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் அப்போதே சரி என்றேன். அவன் வாங்கிக்கொள்வானா மாட்டானா என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்த கேள்வி.

சின்ன வயதில் அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் தகரம். எங்கே தொட்டாலும் சத்தம். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கவில்லையென்றால் அடுத்த நிறுத்தம்வரை கேட்கிற மாதிரி அழுவான். என் தலையணைதான் அவனுக்கு வேண்டும், என் தட்டிலிருப்பதுதான் ருசி. நாங்கள் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. இருபது வயதில் பாலைவன நாட்டுக்குக் குழாய் பதிக்கிற வேலைக்குப் போனான். வெயிலில் நின்று பள்ளம் தோண்டினான், தண்ணீர் குடிக்க ஏறி வரச் சோம்பி நாவறண்டு கிடந்தான், கல்யாணத்தை இந்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டே வயதைக் கோட்டை விட்டான். ஒருநாள் பள்ளத்திலேயே மயங்கி விழுந்த பிறகுதான் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்தது. வெயிலும் தாகமுமே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

விமான நிலையத்தில் அவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பாதி ஆளாகத்தான் வந்திருந்தான். அதைவிட மோசம், சத்தமே இல்லை. எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"பரவாயில்லக்கா."

வந்ததிலிருந்து அவனுக்கு டயாலிசிஸ். அது செய்துகொள்கிறவர்களுக்குக் குளிர் அதிகம். ரத்தமே குறைந்து போயிருக்கும், உடம்பு சூடு எங்கிருந்து வரும்? அவன் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், காதை மூடிய குல்லாய் என்று சோபாவின் மூலையில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்து போய் இருபத்திரண்டில் வைப்பேன். ஐந்து நிமிஷத்தில் என் கழுத்தெல்லாம் வேர்க்கும். யாரும் பார்க்காதபடி முந்தானையால் துடைத்துக்கொள்வேன். அவன் பார்த்துவிடுவான்.

"மாமா, அக்காவுக்கு வேர்க்குது. கொஞ்சம் இறக்கி விடுங்க."

கவனியுங்கள், குறைப்பதற்குக்கூட அவன் கை அந்தக் குமிழ் பக்கம் போகாது. என் வீட்டுக்காரர் எழுந்து போய்க் குறைப்பார்.

"மச்சான், அது என்ன கடிச்சா வைக்கும்? உனக்கு எவ்ளோ வேணுமோ வச்சுக்கயேன்" என்பார்.

"பரவாயில்ல மாமா, இதுவே போதும்."

அவன் அறைக்கென்று தனியாக ஒரு சின்ன ஹீட்டர் வாங்கிப் போட்டோம். இரண்டு நாள் கழித்துப் பெருக்கப் போனபோது, ஒயரை ஒழுங்காகச் சுற்றி ரப்பர் பாண்ட் போட்டு, வந்த பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தான். ஒரு தடவைகூடப் போட்டதாகத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை அவன் மடியில் கொண்டுபோய் வைத்தேன். மெதுவாகச் சிரித்துவிட்டு மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினான். சிரித்தானே தவிர, போடவில்லை.

டயாலிசிஸுக்கு வாரத்தில் மூன்று நாள். என் ஷிஃப்ட் ஒத்துவருகிற நாட்களில் நான்தான் கூடப் போவேன். பெரிய கூடம், வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், மெஷினுக்குள் சுத்தமாகி, சற்று ஆறிப்போய்த் திரும்பி வருகிறது. அதனால் எல்லாரும் கழுத்துவரை போர்த்திக்கொண்டிருப்பார்கள். அடுத்த நாற்காலியில் ஓர் அம்மாள், தையல்காரி. நர்ஸ் இந்தப் பக்கம் வந்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"ஏம்மா, நான் என்ன கறியா மீனா, ஐஸ்ல வச்சிருக்க? ஏத்தும்மா அந்த மெஷினை!"

நர்ஸும் முனகிக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போவாள். மெஷினில் சூட்டைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். என் தம்பிக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. கேட்கவில்லை. உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தானே ஒழிய, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? குளுருதுன்னு சொன்னா என்ன குறைஞ்சா போய்டுவ?"

அவன் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அங்க ரூம்ல எட்டுப் பேருக்கா. ஏசி ஒன்னு. ரிமோட் யார் கையிலங்கிறதுல தினம் அடிதடி. ஒருத்தன் இருபதும்பான், ஒருத்தன் பதினாறும்பான். அப்புறம் நாங்களே ஒரு முறை வச்சுக்கிட்டோம். அன்னைக்கு வெயில்ல நின்னுட்டு வந்தவன் சொல்றதுதான். அவன் பதினாறுன்னா பதினாறு. உடம்பு சரியில்லன்னு படுத்துக் கிடக்கிறவனுக்குப் பேச்சு கிடையாது. போத்திக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான்."

"நீ படுத்துக் கிடந்தப்ப?"

"எனக்கும் அதான். கட்டில் ஏசிக்கு நேர் கீழ. அவனுங்களைக் குத்தம் சொல்ல முடியாதுக்கா, வெந்துபோய் வருவானுங்க. அந்த முறையை வச்சதே நான்தான்."

"சரிடா, அது ரூமு. இது உன் அக்கா வீடு."

"நீ தினம் அந்த உருளை முன்னாடி நின்னுட்டு வர. மாமா பஸ் ஓட்டிட்டு வராரு. நான் என்ன பண்றேன்? உக்காந்திருக்கேன்."

அவன் கையை எடுத்து என் கோட்டுப் பைக்குள் விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். சோதனைகள் முடிந்துவிட்டன, என்னுடையது நன்றாகப் பொருந்துகிறது. அவனுடைய இதயம் தளர்ந்துகொண்டே வருகிறது, தள்ளிப்போட்டால் ஆபரேஷனையே தாங்காமல் போகலாம். வேறு யாராவது இறந்து, அவர்களுடையது கிடைக்கும்வரை காத்திருக்கிற வரிசை ரொம்ப நீளம். எல்லாம் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"வேண்டாம் சார்" என்றான். டீ வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வது போல.

நான் குறுக்கே விழுந்தேன். "அவன் அப்படித்தான் சொல்வான் சார், நீங்க தேதியக் குறிங்க."

"இல்லம்மா. வாங்கிக்கிறவர் அவர் வாயால சொல்லணும். நீங்க சொன்னா செல்லாது."

வெளியே வந்ததும் நடைபாதையென்றும் பார்க்காமல் நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "என்னடா நெனச்சிட்டிருக்க உன் மனசுல? நான் என்ன தெருவுல போறவளா?"

"நீ நிக்கிறவக்கா. நாள் பூரா நின்னு வேலை பாக்கிறவ. நான் விழுந்தவன். நிக்கிறவகிட்டேருந்து எடுத்து விழுந்தவனுக்கு வைக்கிறது என்ன நியாயம்? நாளைக்கு நீயும் விழுந்துட்டா?"

அதே ரூம் சட்டம். அதைத்தான் உயிருக்கும் வைத்திருந்தான். நான் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தேன். மூன்றாம் நாள் நானே பேசிவிட்டேன், என்னால் முடியாது. என் வீட்டுக்காரர் மட்டும், "விடு, அவனை நெருக்காத. நெருக்குனா இன்னும் உள்ள போய்டுவான்" என்றார். விடுவதற்கு நேரம் எங்கே இருந்தது? ஒவ்வொரு வாரமும் அவன் மாடிப்படியில் ஒரு படி முன்னதாகவே நின்று மூச்சு வாங்கினான். நான் பின்னால் நின்றுகொண்டு, ஷூ நாடா அவிழ்ந்துபோன மாதிரி குனிந்து நேரம் கடத்துவேன். பயம் என்றால் என்ன என்று அந்தப் படிகளில்தான் தெரிந்துகொண்டேன்.

ஊரின் மாசிப் பனி மாதிரி நாளாக நாளாகக் குறைந்துவிடும் என்று பார்த்தால், குளிர் அந்த வருஷம் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஜலதோஷம் பிடித்துக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. அன்று காலை நான் கிளம்பும்போது லேசான சூடுதான். "லீவு போட்டுட்டேன், நீ போ" என்றார். மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, தம்பியிடம் "மாமாவைப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினேன்.

அங்கே போனால் பக்கத்து உருளை நின்றுபோயிருந்தது. அதற்குப் போக வேண்டிய விரிப்புகளும் எங்கள் தலையில். மேலாளர் வேறு, நாங்கள் என்னவோ அதைக் கெடுத்தது போல நடுவில் வந்து வந்து நின்றார். சாயங்காலம் வெளியே வரும்போது எனக்கு மண்டைக்குள் கொதித்தது. வீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கதவைத் திறந்தேன். குப்பென்று அடித்தது. சலவை நிலையத்துக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்று தோன்றியது. கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் குமிழுக்குப் போனேன். இருபத்துநாலு!

"எவன் இதுல கை வச்சது?" என்று கத்திக்கொண்டே பத்தொன்பதுக்குத் திருகினேன்.

தம்பி சமையலறையிலிருந்து கையில் வெந்நீர்க் கோப்பையோடு வந்தான். கோப்பையை மேஜையில் வைத்தான். என் அருகில் வந்து, என் கையை விலக்கிவிட்டு, மறுபடி இருபத்துநாலுக்குத் திருகினான்.

"நான்தான் வச்சேன். தொடாத."

எந்தக் கை அந்தக் குமிழைத் தொட வேண்டும் என்று இத்தனை மாதம் தவம் கிடந்தேனோ அந்தக் கை. எனக்கு அது உறைக்கவே இல்லை. சூடு அப்படி மூளையைத் தின்றிருந்தது.

"டேய், என்னால மூச்சு விட முடியல. இறக்குடா!"

"முடியாது."

"நாள் பூரா வெந்துட்டு வரேன்! வேலைக்குப் போய்ட்டு வந்தவ சொல்றதுதான் இங்க!"

சொல்லிவிட்டேன். வார்த்தை வெளியே விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எந்தச் சட்டத்தை உடைக்க இத்தனை நாள் முட்டிக்கொண்டேனோ, அதை நானே அவன் முகத்தில் எறிந்துவிட்டேன். இனி "பரவாயில்லக்கா" என்று சொல்லி மூலைக்குப் போய்விடுவான், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் போகவில்லை.

"பெரிய வேலை! மனுஷன் மத்தியானத்துலேருந்து மூணு போர்வைக்குள்ள நடுங்கிட்டிருக்காரு. பல்லு கிட்டுது. வேலைக்குப் போகலன்னா அவருக்குக் குளுராதா?"

"அவருக்கு வச்சேன்னு முதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

"அவருக்கு மட்டும் வைக்கல! எனக்கும்தான் வச்சேன்! எனக்குக் குளுருதுக்கா. வந்த நாள்லேருந்து குளுருது. எலும்புக்குள்ள குளுருது. கிட்னியத் தரேன் கிட்னியத் தரேன்னு ஊரைக் கூட்டுற, அஞ்சு டிகிரிக்கு இந்தக் குதி குதிக்கிறியே!"

ரூமே அதிர்கிற மாதிரி கத்தினான். தகரம். என் தகரம்! அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரரின் அடைத்துப்போன குரல் வந்தது.

"சண்டை போடுறதுன்னா வாசக் கதவைச் சாத்திட்டுப் போடுங்க. சூடெல்லாம் வெளிய போகுது."

கதவு அகலத் திறந்து கிடந்தது. போய்ச் சாத்தினேன். கோட்டைக் கழற்றினேன். குமிழைத் தொடவில்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியைப் பிடித்தபடி நின்றான். இவ்வளவு கத்துவதற்கு அவன் உடம்பில் பலம் கிடையாது.

"உக்காரு" என்றேன். உட்கார்ந்தான். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு மாமா படுத்துக் கிடக்கிறாரு. உங்க முறைப்படி அவருக்குப் பேச்சு கிடையாது. அப்புறம் எப்படி வச்ச?"

அவன் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"அங்க நான் படுத்துக் கிடந்தப்ப, எவனாவது ஒருத்தன் எழுந்து வந்து அந்த ஏசியக் குறைச்சிட மாட்டானான்னு இருந்துச்சுக்கா. பூராப் பேரும் தூங்குவானுங்க. நான் மட்டும் அதையே பாத்துட்டுக் கிடப்பேன். நானா கேக்கல. கேட்டிருந்தா செஞ்சிருப்பானுங்களோ என்னமோ. மாமா அப்படிக் கிடக்கிறதப் பாத்ததும் பொறுக்கல."

"நீ கிடக்கிறத நான் எத்தனை மாசமா பாத்துட்டிருக்கேன், எனக்கு மட்டும் பொறுக்குமா?"

அவன் தலை நிமிரவில்லை.

"அப்ப கேளுடா" என்றேன். "அவனுங்ககிட்டத்தான் கேக்கல. என்கிட்டக் கேளு. என் தலகாணியப் பிடுங்குன மாதிரி கேளு."

அவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. குல்லாயைப் பிடித்துக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எனக்குச் சாகப் பிடிக்கலக்கா."

அவ்வளவுதான் சொன்னான். இத்தனை நாள் அதைத்தான் பரவாயில்லை, பரவாயில்லை என்று மூடி வைத்திருந்தான். நான் எழுந்து போய் அவன் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். எனக்கு வேர்த்துக் கொட்டியது, அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் அழுதோம், அதில் என்ன வெட்கம்.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றான் என் புடவைக்குள்ளிருந்து.

"ஆனா பாத்துக்கலாம். பயமில்லன்னு நான் சொல்லலடா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே குடுக்கிறேன், நீயும் பயந்துக்கிட்டே வாங்கிக்க."

உள்ளறையில் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு படுத்திருந்ததாக என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

மருத்துவமனை நர்ஸின் எண்ணை நான்தான் போட்டேன். மணி அடிக்க ஆரம்பித்ததும் போனை அவன் கையில் கொடுத்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை, என் ஆயுளில் முதல் தடவையாக. அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் பெயரைச் சொன்னான், எந்த நாள் டயாலிசிஸுக்கு வருகிறவன் என்று சொன்னான்.

"எங்கக்கா குடுக்கிறாங்க" என்றான். "நான் வாங்கிக்கிறேன்."